வியாழக்கிழமை வா

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால் மணி. பெரிய அரங்கில் நாற்காலிகள் போதாமல் முதலாண்டுப் பிள்ளைகள் படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் துணை இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிப்பறை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கூட்டம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது இயக்குநர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், போட்ட சட்டம். துணைவேந்தரின் வாழ்த்துரையெல்லாம் அதற்குப் பிறகுதான். "அவசரத்துக்கு எங்க போறதுன்னு தெரியாம நெளிஞ்சுக்கிட்டு இருக்கிற புள்ளைகிட்ட லட்சியத்தைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?" என்பார்.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. மாமாவின் எண். இதயக் கோளாறோடு அக்கா ஒரு வாரமாக மருத்துவமனையில் இருந்தார். அவர் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். துணை இயக்குநர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

"தம்பி, முடிஞ்சுபோச்சுப்பா. இப்பத்தான்," என்றார் மாமா. பிறகு, ஏதோ தன் மேல் தப்பு இருப்பதுபோல, "நீ கூட்டத்தை முடிச்சுட்டே வா. அவ அதைத்தான் சொல்லுவா," என்றார்.

துணை இயக்குநர் மேடைக்குத் திரும்பினார். எதுவரை சொல்லியிருந்தோம் என்பது மறந்துபோயிருந்தது. அரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "மூணாவது மாடி சார்!" என்று கத்தினான். அரங்கே சிரித்தது.

"மூணாவது மாடியில இடதுபக்கம் கடைசி. தாழ்ப்பாள் சரியில்ல. யாராவது ஒருத்தர் வெளிய காவல் நில்லுங்க," என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மீதியை மூத்த மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

'முதலாண்டு மாணவர் அலுவலகம்' மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. மேற்கூரை சாய்ந்து இறங்குவதால், உயரமானவர்கள் நினைப்பில்லாமல் உள்ளே போனால் நெற்றி வீங்கும். சேர்ந்த பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த அலுவலகத்தின் வேலை. பாடம் நடத்துவதற்கு வகுப்பு உண்டு, தூங்குவதற்கு விடுதி உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது, பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள் என்பார் அக்கா.

அக்கா அதற்கு முன் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்த அலுவலகத்தைத் தொடங்கியபோது பேராசிரியர்கள் ஒருவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. நீ, நான் என்று தட்டிக்கழித்துக் கடைசியில் அக்காவின் தலையில் கட்டினார்கள். "விலைபோகாத சரக்கு, என் கடைக்கு வந்துச்சு," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருடங்கள் கழித்துத் துணை இயக்குநர் வந்து சேர்ந்தார். அவரை அக்கா "துணை" என்றே கூப்பிட்டார். அதைக் கேட்டுப் பல்கலைக்கழகமே அப்படிக் கூப்பிடத் தொடங்கியது. காவலாளிகூட "துணை சார் வண்டி" என்று சொல்லித்தான் கதவைத் திறப்பார்.

பிள்ளைகள் அக்காவுக்கு வைத்த பெயர் ஒட்டுப்புல். ஒரு பையனைக் கண்ணில் வைத்துவிட்டால் விடவே மாட்டார் என்பதால் வந்த பெயர். அது தன் காதுக்கு எட்டியபோது அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "சரியாத்தான் வச்சிருக்கானுங்க. ஒட்டுப்புல் ரோட்டுல கூட்டமா நடக்கிறவன் துணியில ஒட்டாது, துணை. காட்டுக்குள்ள தனியா நடக்கிறவன் துணியிலதான் ஒட்டும்."

மதியச் சாப்பாட்டை அவர் அலுவலகத்தில் சாப்பிட்டதே கிடையாது. டப்பாவை எடுத்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போய், தினம் ஒரு மேசையில், தனியாக இருக்கிற பிள்ளைக்கு எதிரே உட்காருவார். மதிப்பெண் குறைந்தவன் போக மாட்டான், தனியாகச் சாப்பிடுகிறவன்தான் போவான் என்பது அவர் கணக்கு. அறிவுரை எதுவும் சொல்ல மாட்டார். "இந்த ஊறுகாயைக் கொஞ்சம் எடுத்துக்கோ, எனக்கு ரத்தக் கொதிப்பு, டாக்டர் திட்டுவாரு," என்று ஆரம்பிப்பார். மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு தனிப் பிள்ளையின் எதிரே உட்கார வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, தண்ணி பிடிச்சுட்டு வரேன்," என்று போவார். திரும்பி வர மாட்டார். இப்படித் தண்ணீர் பிடிக்கப் போய்ச் சேர்த்து வைத்த சினேகிதங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ உண்டு. ஒன்றிரண்டு கல்யாணத்தில் போய் முடிந்ததாகவும் சொல்வார்கள்.

பேராசிரியர்களிடம் அவர் பட்ட பாடு தனிக்கதை. முதல் தேர்வுத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண்ணோடு ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும் என்று கேட்டு ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கினார். கணிதத் துறைத் தலைவர் கையை விரித்தார்.

"என்னம்மா எழுதறது? எல்லாமே தப்பு. தப்புன்னு எழுதட்டுமா?"

"கையெழுத்து நல்லாயிருக்குன்னாவது எழுதுங்க சார்."

"கோழி கிளறின மாதிரி இருக்கும்மா."

"அப்ப, 'என்னை வந்து பாரு'ன்னு எழுதுங்க."

"வந்துட்டா?"

"வந்துட்டா நீங்க இருக்கணும் சார். அதுதான் கஷ்டம், எனக்கும் தெரியுது," என்றார் அக்கா. துறைத் தலைவர் சிரித்துவிட்டார். அந்த வருடத்திலிருந்து அவர் அறைக் கதவு மாலை நேரங்களில் திறந்திருக்க ஆரம்பித்தது.

ஆனால் அக்காவின் பேர் சொல்லும் வேலை இதெல்லாம் இல்லை. அது வியாழக்கிழமை.

படிப்பை விட்டுப் போகிற மாணவர்கள் விலகல் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் கிடைக்கிற ஒரே இடம் அக்காவின் அலுவலகம். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். கண் சிவந்திருக்கும். அல்லது கண்ணில் ஒன்றுமே இருக்காது, அது இன்னும் மோசம். "மேடம், விலகல் ஃபாரம் வேணும்," என்பார்கள். அக்கா ஏன் என்று கேட்க மாட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பார், மூடுவார். "அடடா, ஃபாரம் தீர்ந்துபோச்சே கண்ணு. அச்சடிக்கக் குடுத்திருக்கேன். வியாழக்கிழமை வா, கட்டாயம் தரேன்," என்பார்.

படிவம் தீர்ந்ததே இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டுக் கட்டாக இருந்தது.

அக்கா தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் படிவம் அங்கேதான் கிடைக்கும்; ஒருமுறை அது உண்மையிலேயே தீர்ந்துபோனதாம். கேட்டு வந்தவர்களையெல்லாம் வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழக்கிழமை படிவம் வந்தது, ஆனால் கேட்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை. விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். "போயிடணும்னு தோணுறது ஒரு காய்ச்சல், துணை," என்று அவர் சொன்னார். "ரெண்டு மூணு நாள் கொதிக்கும். அந்த நேரத்துல கையில பேனா குடுக்கக் கூடாது."

இடைப்பட்ட நாட்களில் அவர் சும்மா இருப்பதும் இல்லை. அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் அறைத்தோழிக்கும் தற்செயல்போலச் சேதி போகும். உணவுக்கூட மேசையில் ஊறுகாய் டப்பா திறக்கும். வியாழக்கிழமை பிள்ளை வராவிட்டால், அன்று மாலை மூன்று கோப்பைத் தேநீர் வரவழைத்துத் தானும் குடித்து, துணைக்கும் தட்டச்சு செய்யும் அம்மாவுக்கும் கொடுப்பார். வந்துவிட்டால் படிவத்தை எடுத்துக் கொடுத்து, நிரப்பக் கூடவே உட்காருவார். வியாழக்கிழமை வந்த பிள்ளையை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. அவர் வருவதற்கு முன் நாலில் ஒரு பிள்ளை முதல் வருடத்தைத் தாண்டாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து எப்படி என்று கேட்டார்கள். அக்கா உணவுக்கூடத்தைப் பற்றியும் தேர்வுத்தாளைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்வார். வியாழக்கிழமையைப் பற்றி மூச்சு விட மாட்டார்.

போன வருடம் வேதியியல் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமை வந்து படிவம் கேட்டாள். அக்கா வழக்கம்போல் இழுப்பறையைத் திறந்து மூடினார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் அவளுடையது காய்ச்சல் இல்லை. அவள் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார், வீட்டில் இரண்டு சின்னத் தம்பிகள், பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. மறுநாளே அவள் ஊருக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை வரவில்லை. அக்கா தேநீர் வரவழைத்தார்.

மறுவாரம் வகுப்பில் அவள் இல்லை என்று தெரிந்ததும் அக்கா ஃபோன் செய்தார், அந்த எண் வேலை செய்யவில்லை. பல மாதங்கள் கழித்து அவளே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாள். அம்மா எழுந்து நடக்கிறார், நான் திரும்பி வரலாமா என்று கேட்டாள். "உன் இடம் அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் முதல் வாரம் வந்துடு," என்று அக்கா வாக்குக் கொடுத்தார். ஃபோனை வைத்த பிறகுதான் விதியைப் பார்த்தார். படிவம் கொடுத்து முறையாக விலகியவர் இரண்டு வருடத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பலாம். சொல்லாமல் போனவர் பெயர் நீக்கப்படும், மூன்று வருடம் சேர முடியாது. அந்தப் பெண்ணின் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

அன்று அக்கா விதிப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். பிறகு, "கேட்டப்பவே குடுத்திருந்தா இவ உள்ள இருப்பா," என்று மட்டும் சொன்னார். "பதிவாளரைப் பார்த்துச் சரி பண்ணிடறேன் துணை, அது என் வேலை." துணையும் அதை அவரிடமே விட்டுவிட்டார்.

அக்காவை அனுப்பிவைத்துவிட்டு வந்த மறுநாள், புதன்கிழமை காலை, அந்தப் பெண் பெட்டியோடு அலுவலக வாசலில் நின்றாள். அவளுக்குச் செய்தி தெரியாது.

"அக்கா வரச் சொன்னாங்க சார். முதல் வாரம் வான்னு. இன்னும் வரலையா?"

துணை அவளை உட்கார வைத்துச் சொன்னார். அவள் பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப என் இடம்?" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் இப்ப இதைக் கேட்டிருக்கக் கூடாது சார்."

"கேளும்மா. அக்கா இருந்தா முதல்ல இதைத்தான் கேக்கச் சொல்லுவாங்க."

கணினியில் அவள் பெயருக்கு நேரே 'நீக்கம்' என்றே இருந்தது. எதுவும் மாறியிருக்கவில்லை. சேர்க்கை வெள்ளிக்கிழமை மாலையோடு முடிகிறது. துணை திரையை அவள் பக்கம் திருப்பவில்லை, ஆனால் அவர் முகத்திலேயே அவள் படித்துவிட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு ஃபாரம் நிஜமாவே தீர்ந்துபோச்சா?"

அவர் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய் வந்தது.

"விடுதியில சீனியர்ங்க சொன்னாங்க, அங்க எப்பப் போனாலும் ஃபாரம் தீர்ந்துதான் இருக்கும்னு. நான்தான் நம்பல. அக்கா பொய் சொல்ல மாட்டாங்கன்னு சண்டைகூடப் போட்டேன்." குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை வதைத்தது. "எங்க அம்மா இப்பக் கைத்தடி வச்சு நடக்கிறாங்க சார். வரும்போது அதாலயே அடிக்க வந்தாங்க. சேராம திரும்பி வந்தே, ரெண்டு காலையும் உடைச்சுருவேன், அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து நொண்டலாம்னாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அவளைத் தோழியின் அறைக்கு அனுப்பிவிட்டுத் துணை யோசித்தார். விதியில் ஒரு வழி இருந்தது. பெயர் நீக்கத்துக்கு அலுவலகத் தவறு காரணம் என்றால் பதிவாளர் அதை ரத்து செய்யலாம். தவறு என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதினால் வியாழக்கிழமை வெளியே வரும். பெட்டியோடு வந்தவளுக்கு இடம் கிடைக்கும், போய்ச் சேர்ந்தவருக்குப் பொய்க்காரி என்ற பெயர் கிடைக்கும்.

அன்று மாலையே இரங்கல் கூட்டம். துணைவேந்தர் பேசினார். நாலில் ஒன்று எப்படிப் பத்தில் ஒன்றாகவும் அதற்குக் கீழாகவும் ஆனது என்பதைச் சொல்லி, இனி ஆண்டுதோறும் அக்காவின் பெயரில் ஒரு விருது தரப்படும் என்றார். கைதட்டக்கூடாத கூட்டத்தில் கைதட்டிவிட்டார்கள். கணிதத் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணையைப் பேசக் கூப்பிட்டபோது தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினார். எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து நேராக மாமாவிடம் போனார்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டையொட்டிய கொட்டகையில் பயிற்சிக் கார் நின்றது, ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள கார். வீட்டுக்குள் உறவுக் கூட்டம். மாமா யாருக்கும் தெரியாமல் வந்து காரின் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் துணை ஏறி உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை.

"என்னப்பா, ஓட்டக் கத்துக்க வந்தியா?" என்றார் மாமா. கண் வீங்கியிருந்தது.

துணை மென்று விழுங்கி நடந்ததைச் சொல்லி முடித்தார். மாமா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"இன்னும் வீட்டுல அழுது முடிக்கல. அதுக்குள்ள அவளைப் பொய்க்காரின்னு எழுதி நீட்டப் போறே. அதுக்கு என்கிட்ட அனுமதி கேக்குறே."

"அனுமதின்னு இல்ல மாமா..."

"வேற என்னவாம்?"

துணை ஸ்டியரிங்கில் கையை வைத்து எடுத்தார். உள்ளே யாரோ யாரையோ காப்பி குடிக்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் அதே வியாழக்கிழமைதான்," என்றார் மாமா திடீரென்று. "கல்யாணமாகி மூணாவது வருஷம். ஒரு நாள் சண்டையில, நான் போறேன்டி, உன்னோட குடும்பம் நடத்த முடியாதுன்னு பையை எடுத்துட்டேன். அவ அழுதாளா, தடுத்தாளா? ஒண்ணும் இல்ல. 'சரி, போங்க. சலவைக்குப் போட்ட சட்டையெல்லாம் வியாழக்கிழமைதான் வரும். வாங்கிட்டுப் போங்க'ன்னா. நானும் பெரிய மனுஷன் மாதிரி, சரின்னு பையைக் கீழ வச்சேன்." காலை நீட்டித் தன் பக்கத்து பிரேக்கை லேசாக மிதித்தார். "வண்டி ஓட்டுறது நான்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருந்திருக்கு."

"மாமா, அவங்க பதிவாளரைப் பார்க்கறேன்னு சொன்னாங்க. பார்த்தாங்களா?"

"மூணு தடவை போனா. மூணு தடவையும் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தா. நானே வண்டியில கொண்டுபோய் விட்டிருக்கேன்." மாமா குரல் இறங்கியது. "தன் பேரைப் பத்தி அவளுக்குக் கவலையில்லப்பா. சொன்னா அன்னைக்கே வியாழக்கிழமையை மூடிடுவாங்களே, இந்த வருஷம் வர்ற புள்ளைங்க என்ன ஆகும்னு கேப்பா. அந்த ஒருத்தியையும் விட முடியல, மத்தவங்களையும் விட முடியல. நாளைக்கு, நாளைக்குன்னு... ஊருக்கெல்லாம் நாள் தள்ளிக் குடுத்தவ, கடைசியில தனக்கும் அதையே குடுத்துக்கிட்டா."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மாமா கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து உள்ளே பார்த்து, "எழுதிக் குடு. ஆனா மொத்தத்தையும் எழுது. தேநீர் வாங்கிக் குடுத்ததையும் சேர்த்து எழுது," என்றார்.

மறுநாள் காலை பதிவாளரின் முன் துணை உட்கார்ந்தார். பதிவாளர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிற மனிதர், கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் இரண்டு முறை படிக்கிறவர். துணை எழுதியதை இரண்டு முறை படித்தார்.

"ஃபாரம் அலமாரியில இருந்துச்சு."

"இருந்துச்சு சார்."

"இல்லைன்னு சொன்னீங்க."

"சொன்னோம் சார்."

"அக்கா சொன்னாங்களா, நீங்களுமா?"

"நானும்தான் சார். அவங்க லீவுல இருந்தப்பல்லாம் நான்தான் சொன்னேன்."

பதிவாளர் காகிதத்தைக் கீழே வைத்தார். "துணை, அவங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ளைக்குப் பதினெட்டு வயசு ஆயிடுச்சு. நான் போறேன், ஃபாரம் குடுங்கன்னு வந்து நிக்குது. இல்லைன்னு பொய் சொல்ல நமக்கு யாரு உரிமை குடுத்தது?"

துணை அந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். காய்ச்சல், பேனா என்று அக்கா சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இங்கே இருந்து, படித்து, வேலைக்குப் போய், வருடா வருடம் வாழ்த்துச் சொல்லி ஃபோன் செய்கிற பிள்ளைகளின் முகங்கள் வந்தன. அவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆக மாட்டார்கள். பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்த முகமும் வந்தது.

"யாரும் குடுக்கல சார்," என்றார்.

"நல்லது. அதையாவது ஒத்துக்கிட்டீங்க." பதிவாளர் பேனாவைத் திறந்தார். "இவ பெயர் நீக்கத்தை ரத்து பண்றேன். ஆனா இன்னையிலேர்ந்து கேட்டவங்களுக்குக் கேட்ட நிமிஷம் ஃபாரம். உத்தரவு வரும்." கையெழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த விருது விஷயம் கொஞ்ச நாள் ஆறப்போடுவாங்கன்னு நினைக்கறேன்," என்றார்.

ஆறப்போட்டார்கள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து காட்டினாள். புகைப்படத்தில் கண்ணை மூடியிருந்தாள். "மறுபடி எடுக்கச் சொன்னேன் சார், முடியாதுன்னுட்டாங்க. நாலு வருஷமும் தூங்கிட்டே படிக்கப்போறேன்," என்றாள். துணை உடனே மாமாவுக்கு ஃபோன் செய்து, அட்டை கிடைத்துவிட்டது என்றார். மாமா, "சரிப்பா," என்றார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆசிரியர் அறைகளில் பேச்சு ஓடியது. அப்படித்தான் எண்ணிக்கையைக் குறைத்தாராம் என்றார்கள் சிலர். பிள்ளைகளைப் பூட்டி வைத்த மாதிரிதானே என்றார் ஒருவர். கணிதத் துறைத் தலைவர் மட்டும், "நீங்க யாராவது ஒரு புள்ளைக்கு ஊறுகாய் குடுத்திருக்கீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம். துணை எந்தப் பக்கமும் பேசவில்லை. அவருக்குள் இரண்டு பக்கமும் இருந்தது. அக்கா செய்தது தப்பு என்று சில நாள் தோன்றும். அந்தத் தப்பு இல்லாமல் இந்த ஆறாவது வாரத்தை எப்படித் தாண்டுவது என்று மறுநாள் தோன்றும். அக்காவிடம் கேட்க முடிந்தால், அவரும் இரண்டையும்தான் சொல்லியிருப்பார் என்று படுகிறது. பதிவாளர் கதவு வரை போய்த் திரும்பியவர் வேறென்ன சொல்ல முடியும்?

துணை இப்போது டப்பாவை எடுத்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போகிறார். அக்காவைப் போல அவருக்கு வரவில்லை. முதல் நாள் எதிரே உட்கார்ந்த பையன் பயந்துபோய்ப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டதற்கு, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா சார்?" என்றான்.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. விலகல் படிவங்கள் அலுவலக வாசலிலேயே எல்லோரும் எடுக்கும்படி வைக்கப்பட வேண்டும். 'விலகல் படிவங்கள் இங்கே கிடைக்கும்' என்று பலகை மாட்ட வேண்டும். தச்சர் பலகையைக் கொண்டுவந்து ஏணி போட்டு ஏறினார். முதல் ஆணியை அடித்து முடித்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், விலகல் ஃபாரம்..."

துணை எழுந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கேட்ட நிமிஷம். பேனாவையும் கொடுத்தார். அவள் திகைத்துப் பார்த்தாள், சீனியர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

"இங்கயே உக்காந்து எழுதலாம்மா. எழுதிட்டுப் போனாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள எப்ப வேணா திரும்பி வரலாம். அந்த ரெண்டாவது பத்தியைப் படிச்சுப் பாரு."

அவள் உட்கார்ந்தாள். பெயரை எழுதினாள், துறையை எழுதினாள். தலைக்கு மேலே தச்சர் இரண்டாவது ஆணிக்குச் சுத்தியலை ஓங்கினார். அந்தச் சத்தத்தில் அவள் தோள் அதிர்ந்தது. பேனா நின்றது, அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் துணை.

தச்சர் ஏணியிலிருந்து இறங்கினார். "மிச்சத்தை அப்புறம் வந்து அடிக்கறேன் சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள். துணை கேட்டுக்கொண்டிருந்தார். மதிய மணி அடித்தது. அவர் டப்பாவை எடுத்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். இருவரும் உணவுக்கூடத்துக்கு நடந்தார்கள். படிவத்தை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுத்தாளா இல்லையா என்பது அவள் விஷயம், அவரும் கேட்கவில்லை.

பலகையின் வலதுபக்க ஆணி இன்னும் அடிக்கப்படவில்லை.